பெயின்ட் டப்பாவில் நீ வளர்த்த தக்காளி

பாபு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நீ மாடியில் இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன், நடுவில் பதினான்கு படிகள். அந்தப் பதினான்கு படிகளை ஏறி வந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, எட்டாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நர்சரியில் இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே, உரமூட்டையின் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள். படித்து முடித்த பிறகும் சிரிப்பாயா என்பது எனக்குத் தெரியாது.

வருகிற புதன்கிழமை மாலூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலத்துக்கு நீ குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறாய். மறுநாள் ஆபீசில் ராஜினாமா கொடுக்கப் போகிறாய். அம்மா பத்து நாளாக உன்னோடு சரியாகப் பேசவில்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வந்து, கம்ப்யூட்டர் படித்தவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கிண்டல் செய்தபோது நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் ஏழாங்கிளாஸ்லயே பெயின்ட் டப்பால தக்காளி வளர்த்தவன் மாமா. அப்பா வேலை செஞ்ச ஷோவப் பார்த்துதான் கத்துக்கிட்டேன். எனக்குக் கைராசி இருக்கு. வேணும்னா அப்பாவையே கேளுங்க." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். டம்ளரில் தண்ணீர் இல்லை. காலி டம்ளரையே குடித்து முடித்துக் கீழே வைத்தேன். அன்று நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கடிதம்.

அந்த நூறு நாள் நிகழ்ச்சி உனக்கு நன்றாகவே நினைவிருக்கும். பெங்களூரிலிருந்து நான்கு குடும்பங்கள் மாலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தில் நூறு நாள் விவசாயம் செய்ய வேண்டும். யாருடைய நிலம் நன்றாக விளைகிறதோ அவர்கள் ஜெயித்தவர்கள். வாரா வாரம் டிவியில் வரும். நம் வீட்டில் கேபிள் இழுத்ததே அதற்காகத்தான். ஜீவனஹள்ளியில் நம் சந்து முழுக்க நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கீழ் வீட்டு மேரி அக்கா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வருவாள். என் பெயர் கடைசியில் பொடி எழுத்தில் ஓடும். அதை நீ கண்டுபிடித்து விரலை வைப்பதற்குள் ஓடிப்போய்விடும். ஒவ்வொரு வாரமும் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாய். உன் பள்ளிக்கூடத்தில் நான் விவசாயம் சொல்லிக்கொடுக்கிற ஆள் என்று சொல்லி வைத்திருந்தாய். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொய்யில் நான் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தேன். அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

என் வேலை என்ன தெரியுமா? கல்யாண மண்டபத்துக்கும் ஷூட்டிங்குக்கும் பூந்தொட்டி வாடகைக்கு அனுப்புகிற நர்சரியில் இருந்த என்னை, செடியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் கூட்டிப் போனார்கள். போட்டிக்கு வந்தவர்கள் நட்ட நாற்றில் பாதி முதல் வாரமே செத்துப்போனது. சிலர் களை என்று நினைத்து நாற்றையே பிடுங்கினார்கள். நான் நர்சரியில் தொட்டியில் வளர்த்த தக்காளிச் செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தொட்டியோடு விளிம்புவரை குழி தோண்டிப் புதைத்து, மேலே மண்ணைத் தூவி மூடுவேன். கேமராவில் பார்த்தால் நிலத்திலேயே வளர்ந்தது போல இருக்கும். ஒரு நாள் நல்ல மழை பெய்து மண் கரைந்து, எல்லாத் தொட்டியும் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அங்கிள், இது வயலா, பானைக் கடையா?" என்றார். இப்போதைய உன் வயதைவிட இரண்டோ மூன்றோ அதிகம் இருக்கும், அப்போது அவருக்கு அவ்வளவுதான் வயது. அவருக்கும் மேலே யாரோ விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடவை காய் பழுக்கவில்லை. டெலிகாஸ்ட் அந்த வாரம். நான் மார்க்கெட்டில் பழம் வாங்கி வந்து பச்சை நூலால் செடியில் கட்டினேன். அறுபது செடிக்கும் ஒரு காலையில் கட்டி முடித்தேன், அவ்வளவு சுறுசுறுப்பு. என்ன புத்திசாலித்தனம் என்றால், செடி நாட்டுத் தக்காளி, வரி வரியாக சப்பையாகக் காய்க்கும். நான் வாங்கி வந்து கட்டியது முட்டை மாதிரி நீளமான ஹைப்ரிட் பழம். ஒரே செடியில் பச்சைக்காய் ஒரு சாதி, பழம் ஒரு சாதி. கோலாரிலிருந்து ஒரு விவசாயி, இந்த விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டு கார்டு போட்டிருந்தார். அது நக்கலா நிஜமா என்று கம்பெனியில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் கார்டை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எல்லாமே பொய் என்றும் நினைத்துவிடாதே. ஒரு பேங்க் ஆபீசரின் மனைவி வந்திருந்தார். கையில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்து, அதோடு மண்வெட்டி பிடித்தார். அவர் முதல் நாள் நட்ட நாற்றில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அதற்கு ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்து, அதைத் தொடாதீர்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். ஒல்லியான செடி. நான்கு காய் காய்த்தது, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. கடைசி நாள் அவர் கூடை நிறையப் பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவதை நீ டிவியில் பார்த்துக் கை தட்டினாயே, அந்தக் கூடை நான் மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்தது. அந்த நான்கு பழத்தை அவர் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். கேமரா அதைப் பிடிக்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக் கூடியது. இத்தனை வருஷத்தில் உன் அம்மாவிடமும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். இனிமேல் எழுதப்போவதை அவளிடமும் சொன்னதில்லை.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் முனிவெங்கடப்பா. நிலத்தில் பாதியைக் கம்பெனிக்கு விட்டுவிட்டு, வரப்புக்கு அந்தப் பக்கம் மீதிப் பாதியில் அவரும் அவருடைய தம்பி நாராயணப்பாவும் தக்காளி போட்டிருந்தார்கள். அது நிஜத் தக்காளி. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் அதை நம்பித்தான் இருந்தன. முனிவெங்கடப்பா நல்ல மனுஷர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் கலந்து பேசுவார். நான் தொட்டி புதைக்கிறதை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மேஸ்திரி, இன்னிக்கு எத்தனை பிரசவம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். மதியம் ஆனால் அவர் வீட்டு முத்தை என்கிற ராகிக் களியும் சாறும் எனக்கும் ஒரு தட்டில் வரும்.

தூறல் விடாமல் பிடித்திருந்த ஒரு வாரம். அவசரமாக ஐம்பது தொட்டி வேண்டும் என்றார்கள். நர்சரியில் செடியை வண்டியில் ஏற்றும்போதே பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு செடியில் இலை ஓரத்தில் தண்ணீர் பட்டது போலக் கறுப்புத் திட்டு. அங்கமாரி என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இலை, தண்டு, காய் எல்லாவற்றையும் நெருப்பு வைத்தது போலக் கருக்கிவிடுகிற நோய். காற்றிலும் மழைத் துளியிலும் பரவும். இது எனக்குத் தெரியாமல் இல்லை, பாபு. செடியோடு இருபது வருஷம் இருந்தவன் நான். அந்தச் செடிகளைத் திருப்பி இறக்கியிருக்க வேண்டும். இறக்கினால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் என்னைத் திட்டுவார்கள், அடுத்த ஷூட்டிங்குக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், கடைசியில் ஓடுகிற பொடி எழுத்தில் என் பெயர் இருக்காது. கறுப்பு இலைகளை மட்டும் கிள்ளிப்போட்டுவிட்டுப் புதைத்தேன். கேமராவுக்குச் செடி சுத்தமாக இருந்தது.

ஐந்தாம் நாள் முனிவெங்கடப்பாவின் வயலில் ஒரு மூலை கறுத்தது. எட்டாம் நாள் முழுக்கக் கறுத்துவிட்டது. காய் பிடித்து, இன்னும் இரண்டு வாரத்தில் பறிக்க வேண்டிய செடி. வயலின் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காயை வைத்து விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், கறுப்பு போய்விடும் என்பது போல. எங்கள் பக்கமும் கறுத்ததுதான். ஆனால் நான் ஒரே நாளில் பழைய தொட்டிகளை எடுத்துவிட்டுப் புதுத் தொட்டிகளைப் புதைத்தேன். எங்கள் பக்கம் மறுபடி பச்சையாகிவிட்டது. ஷாட்டில் அந்தப் பக்கத்துக் கறுப்பு தெரிகிறது என்றார்கள். வரப்பு ஓரமாகக் கம்பு நட்டுப் பச்சை வலை கட்டச் சொன்னார்கள். கட்டியது நான்தான். வலையின் அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். அந்த வாரம்தான் நீ டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எவ்வளவு பச்சையா இருக்குப்பா" என்று சொன்னாய்.

இப்போது உன் பெயின்ட் டப்பாவுக்கு வருகிறேன்.

நான் ஒரு நாள் நிகழ்ச்சித் தக்காளி என்று சொல்லி மார்க்கெட் தக்காளி கொண்டு வந்தேன். நீ அதிலிருந்து விதை எடுத்து, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, மாடியில் பழைய பெயின்ட் டப்பாவில் மண் போட்டு விதைத்தாய். முளைத்தது. அதுவரைக்கும் உன்னுடையதுதான், அதில் சந்தேகம் இல்லை. ஒரு சாண் உயரம் வந்தது. நீ காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினாய். டப்பாவுக்கு அடியில் ஓட்டை கிடையாது. எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஒவ்வொரு வேளையும் கரண்டியால் அளந்து ஊற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, சொல்லவில்லை. வேர் அழுகி ஒரு காலையில் செடி சாய்ந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அன்று நேரமாகிவிட்டதால் மாடிக்குப் போகாமலே கிளம்பியிருந்தாய். அதைப் பிடுங்கிவிட்டு, டப்பாவுக்கு அடியில் ஆணியால் நான்கு ஓட்டை போட்டு, நர்சரியிலிருந்து அதே உயரத்தில் ஒரு செடியைக் கொண்டுவந்து நட்டுவைத்தேன். இலைகூட எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்துதான் தண்ணீர் ஒழுகிக் கீழே மேரி அக்கா காயப்போட்ட துணியில் விழ ஆரம்பித்தது. அவள் கத்தினாள். செடி பெரிதாகிவிட்டதால் வேர்வை விடுகிறது ஆன்ட்டி என்று நீ அவளுக்கு விளக்கம் சொன்னாய். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தச் செடியில் பதினோரு பழம் வந்தது. நம் சந்தில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தாய். அன்றைக்குத்தான் உனக்குக் கைராசி என்று அம்மா சொன்னாள். பத்து வருஷமாக அந்தச் சொல்லை நீ சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறாய். இப்போது அதை நம்பி இரண்டு ஏக்கர் எடுக்கப் போகிறாய். வயலில் செய்த அதே வேலையை நான் வீட்டிலும் செய்தேன். அங்கே கம்பெனி செய்யச் சொன்னது. இங்கே யாரும் சொல்லவில்லை.

மாமா வந்துபோன மறுநாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. வியாழக்கிழமை நர்சரிக்கு லீவு போட்டுவிட்டு மாலூருக்கு பஸ் ஏறினேன். அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன். பார், உண்மையைச் சொல்லப் போகும்போதும் ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

முனிவெங்கடப்பாவுக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "பன்னி மேஸ்திரி, பன்னி" என்று கன்னடத்தில் வாங்க வாங்க என்று அழைத்து, கட்டிலைத் தட்டி உட்காரச் சொன்னார். நான் கட்டிய அந்தப் பச்சை வலை இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. கோழிக் கூண்டுக்கு மேலே போட்டிருக்கிறார், வெளுத்து வெள்ளையாகிவிட்டது. நான் உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கிள்ளின எலைய எங்க போட்ட?"

"வரப்பு மேல."

கண்ணை மூடிக்கொண்டார். செடியோடு இருக்கிற ஆளுக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். வரப்பு அவருடைய வயலை ஒட்டியது. நான் நோயைக் கொண்டுவந்தது மட்டும் இல்லை, அதைக் கிள்ளி அவர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். இத்தனை வருஷம் எனக்கே அது உறைக்கவில்லை.

பிறகு தன் பக்கத்துக் கதையைச் சொன்னார். அந்த வாரம் மருந்து அடிக்க வேண்டியது தம்பி நாராயணப்பாவின் முறை. தம்பி மாமியார் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இரண்டு நாள் தாமதமாகத் திரும்பியிருக்கிறான். பயிர் கருகியது அவனால்தான் என்று இவர் ஊர் நடுவில் வைத்துக் கேட்டிருக்கிறார். கை ஓங்கும்வரை போய்விட்டது. நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. ஒரே கிணறு, இந்தப் பக்கம் இவர் வீடு, அந்தப் பக்கம் தம்பி வீடு. தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூட இவர் போகவில்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நடி, போலாம். எங்கிட்டச் சொன்ன மாதிரியே அவங்கிட்டயும் சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காதே."

கிணற்றைச் சுற்றி அறுபது எழுபது அடி இருக்கும். அந்த மனுஷர் அதை நடந்து முடிக்க இரண்டு இடத்தில் நின்றார். நாராயணப்பா மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் கையில் இருந்த புல்லைக் கீழே போடவும் இல்லை, மாட்டுக்கு வைக்கவும் இல்லை. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். நோய் கண்ட செடி, கிள்ளிய இலை, வரப்பு, வலை. அவர் என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ரெண்டு டீ போடு. அண்ணன் வந்திருக்கு."

இரண்டுதான் சொன்னார். மூன்று இல்லை. எனக்கு அது சரியாகவே பட்டது. நான் வெளியே வந்து ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றேன்.

பஸ் வருவதற்குள் முனிவெங்கடப்பா வந்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. மகன் என்ன செய்கிறான் என்று கேட்டார். சொன்னேன். பெயின்ட் டப்பா கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது, பாபு. பயிர் போன கதையை அமைதியாகக் கேட்டவர், இதற்குக் குரலை உயர்த்தினார்.

"செடி செத்ததை அவன் பாத்திருக்கணும்யா. நான் நூறு தடவை பாத்தேன், அதான் நான் ரைதன். நீ அவனுக்கு அதை மட்டும் காட்டாம விட்டுட்ட."

ரைதன் என்றால் விவசாயி. அந்த நூறு நாளில் எத்தனையோ பேரை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, நிலத்துக்காரர் என்றுதான் சொன்னார்கள். பஸ் வந்தபோது, வருகிற ஞாயிற்றுக்கிழமை, அதாவது நாளைக்கு, நாற்று நடுவதாகவும், உன்னை அனுப்பும்படியும் சொன்னார். நடுவதற்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டுமாம். செடி நிற்கும், வளராது, காய்க்காது, பார்க்க ஒன்றுமே இருக்காது என்கிற ஒரு மாதம் உண்டு. அந்த மாதத்தை எந்த டிவியும் காட்டாது, அதில் வந்து நிற்கட்டும் என்றார்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ என்மேல் கோபப்படலாம். படு. பேசாமல் இருக்கலாம், நாராயணப்பா வீட்டுக் கிணறு மாதிரி நடுவில் அந்தப் பதினான்கு படியை வைத்துக்கொண்டு. ஆனால் வருஷக் கணக்கில் வேண்டாம், அது எப்படி இருக்கும் என்று வியாழக்கிழமை பார்த்துவிட்டு வந்தேன். புதன்கிழமை கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. உனக்குக் கைராசி இருக்கிறதா என்று அப்பாவையே கேளுங்கள் என்று மாமாவிடம் சொன்னாயே, அதற்கு என் பதில் இதுதான்: எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நான் பார்க்க விடவில்லை.

மாலூர் பஸ் காலை ஆறரைக்கு. நான் வருவேன், ஆனால் வயலுக்குள் இறங்க மாட்டேன், ரோட்டிலேயே நிற்பேன். நீ வந்தால் சேர்ந்து போகலாம். வராவிட்டால் நான் மட்டும் போய், அவன் வரவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன்.

அம்மா மொட்டைமாடியில் துணிக் கிளிப் போட்டு வைத்திருக்கிறாளே, அதுதான் உன் பெயின்ட் டப்பா. கிளிப்புகளை எடுத்துவிட்டு, அதற்குள் இந்தக் கடிதத்தை வைத்து உன் கதவுக்கு வெளியே வைக்கிறேன். நான் எழுதியதில் சந்தேகம் இருந்தால், டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பார். நான்கு ஓட்டை இருக்கும்.

உன் அப்பா